துண்டும் சேர்வரும்: கோப்பு கைமாறிய கதை

1921க்கு முன்னால் மலையகத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போவதென்றால் 'துண்டு' வேண்டும். துண்டு என்பது ஒரு காகிதம். இந்தக் கங்காணியின் ஆட்கள் தோட்டத்துக்குத் தர வேண்டிய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று துரை அதில் எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டும். ஆட்கள் இடம் மாறுவார்கள். கடனும் அவர்களோடு கூடவே போகும். 1921இல் வந்த சட்டம்தான் இந்த முறையை ஒழித்தது.

அந்தத் துண்டை எழுதியது துரை. கையில் வைத்திருந்தது கங்காணி. யாருடைய வாழ்க்கை அதில் எழுதப்பட்டிருந்ததோ, அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

நான் படிப்பது வரலாறு. கம்பியூட்டர் சயன்ஸ் பக்கம் போனதே இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக ஒரு பழைய கம்பியூட்டரில் லினக்ஸ் போட்டு, கோப்புப் பரிமாற்ற சேர்வர் ஒன்று அமைப்பது எப்படி என்று தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க அதுவும் ஒரு வரலாற்றுப் பாடம்தான் என்று தோன்றியது. கோப்பு யாரிடம் இருக்கிறது, யார் கேட்டால் தரலாம், யார் பிரதி எடுக்கலாம் – சேர்வர் கேட்கிற கேள்விகள் இவ்வளவுதான். நம்ம ஆட்களின் வரலாறும் இந்தக் கேள்விகளில்தான் பல தடவை மாட்டிக்கொண்டிருக்கிறது.

காகிதம் இல்லாதவர்கள்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பற்றி நாமெல்லாம் பாடசாலையில் படித்திருப்போம். "பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் எழுதி மார்க்ஸ் வாங்கியிருப்போம். அது எப்படிப் பறிக்கப்பட்டது என்று பார்த்தால், முழுக்க முழுக்க ஆவண விவகாரம். இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்துப்போன தாத்தாவின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது?

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ந்து இத்தனை வருடம் இங்கேயே இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும். திருமணமானவருக்கு 7 வருடம், ஆகாதவருக்கு 10 வருடம். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான். ஆள் இங்கேதான் இருந்தார், உழைத்தார், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்கிற செக்ரோல் தோட்ட ஒபிசில் இருந்தது. பிரதி நம்ம கையில் இல்லை.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். நாடற்றவர் என்ற நிலையை முடித்துவைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 55 வருடம்.

எழுத்து மேலிருந்து கீழே மட்டும்தான் வந்தது என்று நினைக்க வேண்டாம். கோ. நடேசய்யர் 1920களில் 'தேசபக்தன்' நடத்தினார். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர்களுக்கான சங்கம் கட்டினார். வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத அந்தக் காலத்தில் அவர் துணி வியாபாரியாக உள்ளே போனார் என்பது மலையகத்தில் இன்றும் சொல்லப்படுகிற கதை. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதி, அச்சிட்டு, தொழிலாளர் கூடுகிற இடங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் பாட்டுதான் வழி. அனுப்புகிறவர் நினைத்தால் போதாது, வாங்குகிறவருக்கு ஏற்ற வடிவமும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நானுஓயாவில் இறக்கி ஏற்றுதல்

இதே பிரச்சினையைக் கம்பியூட்டர்காரர்கள் 1971இல் சந்தித்தார்கள்.

அப்போது அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பு புதிது. சில பல்கலைக்கழகங்களின் பெரிய கம்பியூட்டர்களை அது இணைத்தது. ஒவ்வொன்றும் வேறு கம்பனி, வேறு ஜாதி. ஒன்று 36 பிட் அளவில் தகவலை வைக்கும், இன்னொன்று 32 பிட். எழுத்துகளைக் குறிக்கும் முறைகூட ஒன்றுக்கொன்று வேறு. கம்பி இழுத்தாயிற்று, ஆனால் ஒன்றின் கோப்பு இன்னொன்றுக்குப் புரியாது.

கந்தப்பளைக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. அதன் தண்டவாள அகலம் 2 அடி 6 அங்குலம். நானுஓயாவைக் கடந்து போகிற பெரிய ரயிலுக்கு 5 அடி 6 அங்குலம். அதனால் இங்கிருந்து போகிற தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டும் ரயில்தான், இரண்டும் தண்டவாளம்தான், ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. 1940களோடு அந்தப் பாதை மூடப்பட்டுவிட்டது.

கம்பியூட்டர்களுக்கு நடுவில் அந்த 'இறக்கி ஏற்றும்' விதிகளை எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்திய இளைஞர். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். 1971 ஏப்ரலில் அவர் எழுதிய ஆவணத்துக்கு ஆர்எஃப்சி 114 என்று பெயர். ஆர்எஃப்சி என்றால் 'கருத்துச் சொல்லுங்கள்' என்று அர்த்தம். இதுதான் சட்டம் என்று அறிவிக்காமல், எல்லாரும் வாசித்துத் திருத்தட்டும் என்று பொதுவில் போடுகிற வழக்கம் அது. எஃப்டிபி எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை அங்கேதான் ஆரம்பம். பல தடவை திருத்தப்பட்டு, 1985 ஒக்டோபரில் ஜோன் போஸ்டல், ஜோய்ஸ் ரெய்னால்ட்ஸ் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 959 ஆக அது நிலைபெற்றது.

எஃப்டிபி வேலை செய்யும் விதம் வித்தியாசமானது. அதற்கு இரண்டு தொடர்புகள் வேண்டும். ஒன்றில் பேச்சு மட்டும்: நான் இன்னார், இது என் கடவுச்சொல், இந்தக் கோப்பைத் தா. இதற்கு 21ஆம் இலக்க வாசல். கோப்பு வருவது இன்னொரு வாசலால். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது ஒரு இடம், கொழுந்து நிறுப்பது இன்னொரு இடம் இல்லையா? அதே மாதிரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சேர்வர் அமைக்கும்போது தேவைப்படும்.

எஃப்டிபியில் எனக்குப் பிடித்த பகுதி, 'பெயரிலி' என்ற பயனர். யாரென்று சொல்லாமலே உள்ளே வந்து, பொதுவில் வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம். 1980களில் இப்படி நூற்றுக்கணக்கான சேர்வர்கள் உலகம் பூராவும் திறந்து கிடந்தன. எதில் என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியாது. 1990இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்ற மாணவர் இந்த சேர்வர்களின் பட்டியல்களைத் திரட்டித் தேடக்கூடிய ஒரு மென்பொருள் எழுதினார். பெயர் ஆர்ச்சி. இணையத்தின் முதல் தேடுபொறி என்று அதைத்தான் சொல்கிறார்கள். எம்டேஜ் பார்படோஸ் தீவில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கிய தீவு அது. தோட்டங்கள் உருவாக்கிய ஒரு ஊரிலிருந்து வந்தவர்தான் உலகத்துக்கு முதல் தேடுபொறியைக் கொடுத்தார் என்பதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் வாசித்தேன்.

லினக்ஸும் இந்த வாசலால்தான் வெளியே வந்தது. 1991 செப்டெம்பரில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் மென்பொருளின் முதல் வடிவத்தை ஒரு எஃப்டிபி சேர்வரில் வைத்தார். அவர் அதற்கு வைக்க நினைத்த பெயர் 'பிரீக்ஸ்'. சேர்வரைப் பார்த்துக்கொண்ட அரி லெம்கே, அந்தப் பெயர் பிடிக்காமல் கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயர் போட்டுவிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒரே ஒரு பிரதி

எஃப்டிபி பிறந்த அதே 1971இல், ஜூலை 4ஆம் தேதி, மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்க மாணவர் தன் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தைக் கம்பியூட்டரில் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார். குட்டன்பேர்க் திட்டம் அப்படித் தொடங்கியது. தமிழில் அதுபோன்ற முயற்சி 1998 பொங்கலன்று மதுரைத் திட்டமாக வந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் அதை நடத்தினார்கள். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். யூனிகோட் பரவாத காலம். அனுப்பியவர் வைத்திருந்த எழுத்துரு வாங்கியவரிடம் இல்லையென்றால் திருக்குறள்கூடக் கிறுக்கலாகத்தான் தெரியும். மறுபடியும் நானுஓயா கதைதான்.

இலங்கையில் இந்த வேலைக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட புத்தகம் வேறெங்காவது இருக்கும், தேடி எடுக்கலாம். ஓலைச்சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் அந்த வாய்ப்பு இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. மலையக ஆவணங்களும் அங்கே சேர்ந்துகொண்டிருக்கின்றன. என் ஒப்படைகளில் பாதி அதை வைத்துத்தான் எழுதினேன்.

அப்படியென்றால் நமக்கு எதற்குத் தனியாக ஒரு சேர்வர்? இரண்டு காரணம்.

முதலாவது, இறக்குவதற்கு டேட்டா வேண்டும், சிக்னல் வேண்டும். 2020, 2021இல் ஒன்லைன் வகுப்புக்காக மலை உச்சிக்கும் மரத்துக்கும் ஏறிய பிள்ளைகளை நாம் மறந்திருக்க மாட்டோம். 200 எம்பி உள்ள ஒரு ஸ்கேன் புத்தகம் வீட்டில் ஒரு நாள் ரீலோட் காசைத் தின்றுவிடும். சேர்வர் பக்கத்தில் இருந்தால் இணையமே தேவையில்லை. கியூபாவில் இணையம் கிடைக்காத காலத்தில் வாராவாரம் ஹார்ட் டிஸ்க்கில் நிரப்பி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். 'வாராந்தப் பொட்டலம்' என்று அதற்குப் பெயர்.

இரண்டாவது, எடுக்க மட்டும் இல்லாமல் போடவும் நமக்கு இடம் வேண்டும். நம்ம லயங்களில் தகரப் பெட்டிகளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சங்கத்து சந்தா ரசீது, இந்தியாவுக்குப் போனவர்கள் எழுதிய கடிதம், கோயில் திருவிழா நோட்டீஸ், காமன் கூத்து பாட்டு எழுதிய கொப்பி, பழைய சம்பளச் சீட்டு. கந்தப்பளை குளிருக்கும் மூடுபனிக்கும் காகிதம் எவ்வளவு நாள் தாங்கும்? கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை போதும்.

பழைய கம்பியூட்டர் ஒன்றில்

சரி, செய்வது எப்படி? பெரிய செலவில்லை. பத்து வருடப் பழைய டெஸ்க்டொப், 2 ஜிபி ராம் இருந்தாலும் போதும். அதில் டெபியன் லினக்ஸ், வரைகலைத் திரை இல்லாமல். மென்பொருளை இறக்கும் அன்று மட்டும் இணையம் வேண்டும். ஒரு வைஃபை ரவுட்டர், அதற்கு இணையத் தொடர்பு தேவையில்லை. கம்பியூட்டரைக் கேபிளால் ரவுட்டரில் செருகி, அதற்கு மாறாத ஒரு ஐபி முகவரி கொடுத்துவிடுங்கள். முகவரி தினமும் மாறினால் யாரும் வந்து சேர மாட்டார்கள்.

சேர்வர் மென்பொருளாக 'விஎஸ்எஃப்டிபிடி' போதும். கிறிஸ் எவன்ஸ் எழுதியது, சின்னது. டெபியனில் நிறுவியதும் தானாகவே ஓடத் தொடங்கும். அதன் அமைப்புக் கோப்பு ஒன்றே ஒன்றுதான், வெறும் எழுத்துக் கோப்பு. அதில் தீர்மானிக்க வேண்டியவை இவை:

பெயரிலியை அனுமதிக்கலாமா? டெபியனில் இது மூடித்தான் வரும். வாசிக்க மட்டும் என்றால் திறக்கலாம்.

எழுத அனுமதி யாருக்கு? பெயரிலிக்குக் கொடுக்கவே வேண்டாம். யாரும் எதையும் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

பயனர் தன் கோப்புறைக்கு வெளியே போகலாமா? கூடாது. அவரை அவர் கோப்புறைக்குள்ளேயே நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் அந்த வேர்க் கோப்புறை எழுதக்கூடியதாக இருந்தால் விஎஸ்எஃப்டிபிடி உள்ளேயே விடாது. அதற்குள் இன்னொரு கோப்புறை போட்டு, அதற்கு மட்டும் எழுத அனுமதி கொடுக்க வேண்டும்.

பலரும் நொந்துபோகிற இடம் ஒன்று உண்டு. உள்நுழைவது சரியாக நடக்கும், ஆனால் கோப்புப் பட்டியல் வரவே வராது. இரண்டு வாசல் கதைதான் காரணம். 21ஆம் வாசலை ஃபயர்வாலில் திறந்திருப்போம், கோப்பு வருகிற வாசலை மறந்திருப்போம். அமைப்புக் கோப்பில் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று ஒரு சின்ன வீச்சைக் குறித்து, ஃபயர்வாலிலும் அதையே திறந்துவிட்டால் பட்டியல் வரும்.

பூட்டு எங்கே?

எஃப்டிபி எழுதப்பட்டது ஒருவரை ஒருவர் தெரிந்த ஆய்வாளர்களுக்காக. அதனால் கடவுச்சொல்லை அப்படியே வெளிப்படையாக அனுப்பிவிடும். அதே வலையமைப்பில் ஒட்டுக்கேட்கிற எவரும் எடுத்துக்கொள்ளலாம். 1995இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் அப்படித்தான் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதைப் பார்த்த ஆய்வாளர் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச் என்ற மறைகுறித் தொடர்பை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 சும்மா கிடந்தது, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

'மிகப் பாதுகாப்பானது' என்று பெயரிலேயே வைத்திருக்கும் விஎஸ்எஃப்டிபிடிகூடத் தப்பவில்லை. 2011இல் அதன் 2.3.4 பதிப்பின் இறக்கக் கோப்புக்குள் யாரோ ஒரு கள்ள வாசலைச் சொருகிவிட்டார்கள். பயனர் பெயரில் சிரிப்புக் குறி ஒன்று போட்டால் கதவு திறக்கும்! சில நாட்களில் பிடித்துவிட்டார்கள். 2017இல் டெபியன் தன் பொது எஃப்டிபி சேவையை நிறுத்தியது. 2021இல் குரோம், பயர்பொக்ஸ் இரண்டும் எஃப்டிபியைக் கைவிட்டன. ஐம்பது வருட ஓட்டம்.

ஆகவே நமக்குச் சரிவருவது இந்தப் பிரிப்பு. பொதுவில் வாசிக்க, பாஸ்ட் பேப்பர், பழைய சஞ்சிகை மாதிரியானவற்றுக்குப் பெயரிலி எஃப்டிபி. திருட ஒன்றும் இல்லை. அதையும் நம்ம ரவுட்டருக்குள்ளேயே வைக்க வேண்டும், இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. கோப்பு போடுகிறவர்களுக்கு எஸ்எஃப்டிபி, அதாவது எஸ்எஸ்எச் வழியாகப் பரிமாறுவது. அதற்கு ஓப்பன் எஸ்எஸ்எச் சேர்வரை நிறுவி, போடுகிற ஆளுக்கு ஒரு கணக்குத் திறந்தால் போதும். கம்பியூட்டரில் ஃபைல்சில்லாவும், போனில் எஃப்டிபி வசதியுள்ள ஏதாவதொரு ஃபைல் மெனேஜரும் இருந்தால் சரி.

யாருடைய அனுமதி?

இங்கேதான் துண்டு மறுபடியும் ஞாபகத்துக்கு வருகிறது. சேர்வரை நிர்வகிப்பவருக்கு 'ரூட்' அதிகாரம் இருக்கும். யாருடைய கோப்பையும் திறக்கலாம், அழிக்கலாம். நூறு வருடத்துக்கு முன்னால் நம்ம ஆட்களின் காகிதத்தைத் துரையும் கங்காணியும் வைத்திருந்தார்கள். இன்றைக்குப் படித்த நாலு பேர் வைத்துக்கொண்டால் அது என்ன பெரிய மாற்றம்?

அதனால் சில விஷயங்களை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு அம்மாவின் கடிதத்தை ஸ்கேன் செய்கிறோம் என்றால், அது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று அவருக்குப் புரியும்படி சொல்லிக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு எதுவும் பொதுக் கோப்புறைக்கு வரக்கூடாது. அசல் காகிதம் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும், கூடவே ஒரு பிரதியும். எல்லாக் கோப்பும் குறைந்தது மூன்று இடத்திலாவது இருக்க வேண்டும். ஒன்று வேறு ஊரில். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் கட்டாயம் சாகும். நிர்வகிக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால், அவர் கொழும்புக்கு வேலைக்குப் போகிற அன்று சேர்வரும் நின்றுவிடும். குறைந்தது மூன்று பேருக்காவது பழக்க வேண்டும். அதில் லயத்திலேயே இருக்கிற தங்கச்சிமார் இரண்டு பேராவது இருக்கட்டும்.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நம்ம பாட்டன் பூட்டன் நடந்துவந்த பாதை என்று நினைவுகூர்ந்தார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலானோர் எழுதிவைத்தது எதுவும் நம்மிடம் இல்லை. அவர்களைப் பற்றித் துரைமாரும் அதிகாரிகளும் எழுதியதை வைத்துத்தான் இன்றைக்கும் ஒப்படை எழுதுகிறோம். நம்ம தலைமுறையிடம் எழுத்தும் இருக்கிறது, கெமரா உள்ள போனும் இருக்கிறது. லயம் உடைத்து புது வீடு கட்டுகிற இடங்களில் பழைய பெட்டிகள் குப்பைக்குப் போவதற்கு முன்னால், ஒரு நாள் உட்கார்ந்து அதைத் திறந்து பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஒரு பழைய கம்பியூட்டர் தூசி பிடித்துக் கிடந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கொமண்டில் சொல்லுங்கள், இந்த லீவில் ஆரம்பிப்போம்.